பதினேழாம் வரிசை, வலது ஜன்னல்

நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை, காலை மணி 10:52. வானத்தில் முக்கால் பங்கு மேகம், கால் பங்கு வெயில். திருச்சியிலிருந்து சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த விமானத்தில், பதினேழாம் வரிசை வலது ஜன்னலோரம் நான். ஒரு மஞ்சள் துண்டைக் கண்ணாடியில் விரித்துப் பிடித்திருந்தேன்.

"யாருக்கு சார் காட்டுறீங்க?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"என் மனைவிக்கு. அங்க ஒரு மொட்டை மாடியில கேமராவோட நிக்கிறாங்க."

அவர் அரை அங்குலம் தள்ளி உட்கார்ந்தார்.

சென்னையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. எழுபத்து நான்கு வயது வரை விமானம் ஏறாதவன். பொன்மலை ரயில்வே பணிமனையின் ஸ்டோர்ஸில் முப்பத்தாறு வருடம் நட்டும் போல்ட்டும் எண்ணி ஓய்வு பெற்றவன். ரயிலில் போக பாஸ் இருக்கிறது. பிறகு எதற்கு இந்த வேண்டாத வேலை...?

எல்லாம் வசந்தாவால் வந்தது.

என் மனைவி வசந்தாவைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பே புலம்பியிருக்கிறேன். பூகோளம் சொல்லிக்கொடுத்த டீச்சர். ஓய்வு பெற்றதும் ஒரு கேமரா வாங்கினாள். நானும் சந்தோஷப்பட்டேன்: பூ எடுப்பாள், பறவை எடுப்பாள் என்று. அவள் விமானம் எடுத்தாள். ஒன்பது வருடமாக விமானம் மட்டும்தான் எடுக்கிறாள்.

"ஸ்ரீரங்கத்துல இருந்துக்கிட்டு கோபுரத்தை எடுக்காம ப்ளேனை எடுக்குற ஒரே ஆளு நீதான்" என்பேன்.

"கோபுரம் எங்க போயிடப் போகுது? ப்ளேன் போயிடுமேங்க!"

ஓடுபாதைக்கு வடக்கே, காம்பவுண்டுக்கு வெளியே, அவளுடன் வேலை பார்த்த ஸ்டெல்லா டீச்சரின் வீடு. வாரத்தில் மூன்று நாள் அந்த மொட்டை மாடிதான் எங்களுக்குக் கதி. இரண்டு பஸ், இருபத்தாறு படி. அவள் படம் எடுப்பாள். நான் குடை பிடிப்பேன், எண்ணுவேன். ஒருநாள் ஒரு போலீஸ்காரர் மேலேயே ஏறி வந்துவிட்டார். வசந்தா பதறாமல் படங்களைக் காட்டினாள். பத்து நிமிடம் பார்த்தார் மனிதர். கடைசியில், "டீச்சர், வெள்ளிக்கிழமை என் தங்கச்சி குவைத் போகுது. அந்த ப்ளேனை ஒண்ணு எடுத்துத் தருவீங்களா?" என்றார்.

அவர் மட்டுமா? எங்கள் தெருவே கேட்கும். "டீச்சர், நாளைக்குக் காலைல சிங்கப்பூர் ப்ளைட்டுல என் பொண்ணு போறா." "டீச்சர், பையன் சார்ஜா போறான்." பெற்றவர்களை ஏர்போர்ட் வாசலோடு நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே போன பிள்ளை எந்த விமானத்தில் ஏறியது, எப்படிப் பறந்தது... எதையும் பார்க்க முடியாது. வசந்தாவின் படத்தில்தான் பார்க்க வேண்டும். சாமி படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டி வைத்திருக்கிற வீடுகள் எனக்குத் தெரிந்து ஐந்து.

இந்தப் படங்களுக்காகவே அவளிடம் ஒரு நோட்டு உண்டு. தேதி, நேரம், விமானத்தின் எண். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு 'உள்ளே'. அதில் எழுதுவாள் — 'சரோஜா மகள்', 'மெடிக்கல் ஷாப்காரர் மகன்', 'ஏட்டய்யா தங்கை'. ஆகஸ்ட் மாதம் ஒரு மத்தியானம், சும்மா இருக்கிற கையாயிற்றே என்று, அந்த நோட்டை எடுத்து எண்ணினேன்.

"நூத்திப் பன்னெண்டு பேரு வசந்தா!"

"இருக்கும்" என்றாள், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே. "அதுல நம்ம ஆளுன்னு ஒருத்தரும் இல்லை."

அவ்வளவுதான் சொன்னாள். கத்தி நிற்கக்கூட இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை — மூன்றே சொல். நாற்பத்தாறு வருடத்தில் இந்த வீட்டில் அதை நாங்கள் பேசிய தடவைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

நான் நோட்டை மூடி வைத்தேன்.

செப்டம்பர் கடைசியில் டிக்கெட் போட்டேன். போவதற்கு மட்டும், திரும்புவது பாஸில். செவ்வாய்க்கிழமைக்கு விலை குறைவாக இருந்தது. செவ்வாய் வெறுவாய் என்று நம்மவர்கள் பயந்து ஒதுங்குவதால்தான் என்பது என் அனுமானம். சீட்டை மட்டும் அனுமானமாக எடுக்கவில்லை. ஜூன் முதல் நான் எண்ணி வைத்திருந்த நாற்பத்தெட்டு விமானங்களில் நாற்பத்தைந்து மேற்கு நோக்கிக் கிளம்பியவை. மேற்கே ஓடினால் வடக்கு எந்தக் கைப்பக்கம்? வலது! ஸ்டெல்லா டீச்சர் வீடு வலது ஜன்னலில்தான் வரும். அந்த ஜன்னலுக்குத் தனியாகப் பணம் கட்டினேன்.

வசந்தாவிடம் டிக்கெட்டை நீட்டினேன். "நான் உள்ள இருப்பேன். நீ எடு."

டிக்கெட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் டிக்கெட். "பதினேழு... வலது பக்கம். சரிங்க" என்றாள். பிறகு, "மஞ்சத் துண்டு எடுத்துட்டுப் போங்க. தூரத்துல இருந்து நல்லாத் தெரியும்."

அதற்குப் பிறகு ஏழு வாரம் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. ஆதாருக்கு மூன்று ஜெராக்ஸ். பிரஷர் மாத்திரை இரண்டு பையில். பென்ஷன் புத்தகம் எந்த அலமாரியில் என்று வசந்தாவிடம் நான்கு தடவை சொன்னேன். "சென்னைக்குத்தானே போறீங்க? ஐம்பது நிமிஷம்!" என்றாள். விமானம் விழுவதற்கு ஐம்பது நிமிடமா வேண்டும்?

ஆக, துண்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். விமானம் ஊர்ந்தது, திரும்பி நின்றது. ஒரு உறுமல்... முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. ஸ்டெல்லா டீச்சர் வீட்டு நீலத் தண்ணீர்த் தொட்டியைத் தேடினேன். தொட்டி இல்லை, வீடும் இல்லை. கண்ணில் சுளீரென்று வெயில் அடித்தது.

கார்த்திகை மாதத்தில், வடக்கு ஜன்னலில் வெயில் எப்படி வரும்?

அப்போதுதான் உறைத்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது தெற்கு. விமானம் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. காற்றை எதிர்த்துத்தான் விமானம் கிளம்பும். நான் எண்ணியதெல்லாம் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றுக் காலத்தில். இப்போது வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று!

எண்ணுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நேற்று வரை நாற்பத்தைந்து முறை நடந்தது நாளையும் நடக்கும் என்று நம்பிவிடுவோம்.

"உங்க வீட்டம்மா தெரிஞ்சாங்களா சார்?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"அந்தப் பக்கம் இருக்காங்க" என்றேன். துண்டை மடிக்கக்கூடத் தோன்றவில்லை. ஐம்பது நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட பயப்படவில்லை என்பது சென்னையில் இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் ஆறரைக்கு ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோ பிடிக்காமல் நடந்தே வீட்டுக்குப் போனேன். வசந்தா படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி வைத்திருந்தாள். சக்கரம் தரையை விட்டு அப்போதுதான் எழும்பியிருக்கிறது. மேகத்துக்குக் கீழே அத்தனை வெள்ளையாக ஒரு விமானம். ஜன்னல்களை எண்ணினேன். இடது பக்க ஜன்னல்கள்.

"நான் இதுல இல்லை வசந்தா."

"இதுலதான் இருந்தீங்க. அந்தப் பக்கமா உக்காந்திருந்தீங்க, அவ்வளவுதானே?"

"காத்து மாறிடும்னு உனக்குத் தெரியாதா?"

"முப்பது வருஷம் பருவக்காத்துப் பாடம் நடத்தினவளைப் பார்த்துக் கேக்குறீங்களே! டிக்கெட்டைக் காட்டினப்பவே தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா, கட்டின காசு போச்சேன்னு நாலு நாள் புலம்பியிருப்பீங்க. அஞ்சாம் நாள் போகவே வேண்டாம்னிருப்பீங்க. எனக்கு நீங்க உள்ள இருந்தாப் போதும்."

அவள் நோட்டு பக்கத்திலேயே திறந்து கிடந்தது. நவம்பர் 18. 10:52. விமானத்தின் எண். கடைசிக் கட்டத்தில், கரும்பலகையில் எழுதுகிற அந்தப் பெரிய கையெழுத்தில்:

உள்ளே — எங்க வீட்டுக்காரர்.

ஆகஸ்டுக்குப் பிறகு சேர்ந்த நாலு பேரையும் கூட்டினால், நூற்றுப் பதினேழு.

படத்துக்குச் சட்டம் போட்டதும் சேர்த்து, ஆன செலவு 4,587 ரூபாய். வலது ஜன்னலுக்கென்று தனியாகக் கட்டிய 299 ரூபாயும் இதில் அடக்கம். அதை வீண் செலவு என்று எழுத மனம் வரவில்லை.