வார்டு வாசலில் எனக்குக் கிடைத்த கிருபை

சபையாரே, மனம் நொந்துதான் இந்தச் சாட்சியைச் சொல்லுகிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

போன வருஷம் ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நல்ல மழை. சண்டே ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது என்று ஸ்கூட்டரை வேகமாக ஓட்டினேன். திருவட்டாறு தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்து வளைவில், சைக்கிளில் வந்தவரை இடித்துவிட்டேன். ரோட்டோரக் கல்லில் அவர் தலை மோதியது. பெயர் தங்கப்பன். ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவர். மழை பிடித்ததால் வேலையை விட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிராய்ப்புதான். அவர் காதிலிருந்து இரத்தம் வந்தது. அப்போது நான் ஜெபித்தேன். ஆனால் அவருக்காக அல்ல. "ஆண்டவரே, யாரும் பாத்திருக்கக் கூடாதே" என்றுதான் ஜெபித்தேன். பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அந்த வழியாக வந்த ஆட்டோவில் அவரை ஏற்றிக்கொண்டு நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி சரஸ்வதி அக்கா ஓடி வந்தாள். ஐயா வைகுண்டரைக் கும்பிடுகிற ஐயா வழிக்காரி, நெற்றியில் நாமம். ஆட்டோக்காரர் என்னைக் காட்டி, "இந்த டீச்சர்தான் கூட்டிட்டு வந்தாவ" என்றார். அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இடித்தது நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. சொல்லவில்லை.

அவருக்கு நினைவு வரவில்லை. டாக்டர்கள் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. தினமும் போய் வார்டு வாசலில் உட்கார்ந்தேன். அன்பினால் என்று நினைத்துவிடாதீர்கள். பயம். வீட்டில் இருக்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை. அக்கா வீட்டிலிருந்து வந்த கஞ்சியில் பாதியை எனக்கு ஊற்றித் தருவாள். ஒரு நாள் அப்படித் தரும்போது சொன்னாள்:

"குடி மோளே. நீ சடைஞ்சு, தளந்து போயிருக்க. உனக்க ஏசுகிட்ட நீ கேளு, நான் ஐயாகிட்ட கேக்கேன். ஆரு கேட்டாலும் போதும், இவரு கண்ணு முழிக்கணும்."

அந்த ஸ்டீல் டம்ளரை அப்படியே கீழே வைத்தேன். ஆஸ்பத்திரிப் படிக்கட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்து அழுதேன். "ஆண்டவரே, என்னைத் தப்பவிட வேண்டாம். அவரைப் பிழைக்க வையும்" என்று அன்றைக்குத்தான் உண்மையாகக் கேட்டேன். எழுந்து நேரே அக்காவிடம் போனேன்.

"அக்கா, அண்ணனை இடிச்சது நான்தான்."

அவள் கையிலிருந்த ஈரத் துணியை உதறிக் கம்பியில் போட்டாள்.

"எனக்குத் தெரியும் மோளே. வளைவுல உனக்க ஸ்கூட்டரு கிடந்ததைப் பாத்த ஆட்டோக்காரன் அண்ணைக்குச் சாயங்காலமே சொல்லியாச்சு."

"தெரிஞ்சுமா எனக்குக் கஞ்சி தந்திய?"

"பின்னே? உன்னைப் பட்டினி போட்டா இவரு எழும்பிருவாரா? மனசு எரியத்தான் செய்யுது. ஆனா நீயும் ஒரு அம்மைக்குப் பிள்ளைதானே. நீயா சொல்லுவியான்னு பாத்துட்டிருந்தேன்."

நான் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். நாம் திருந்தி வந்த பிறகு அல்ல, பாவிகளாக இருக்கும்போதே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று எத்தனை பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன்! அதன் அர்த்தம், ஏசுவை அறியாத ஒருத்தியின் கையால் ஒரு ஸ்டீல் டம்ளரில் எனக்கு வந்தது. கிருபை என்ன என்று கேட்டால் எனக்கு இதற்குமேல் சொல்லத் தெரியாது.

அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கேஸ் நடக்கிறது. அந்த வாரம் முடியுமுன் தங்கப்பன் அண்ணன் கண் விழித்தார். கர்த்தர் உயிரைத் தந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் தந்தார் என்றுதான் சொல்வேன்.

ஆனால் இடது கை சரியாகவில்லை. ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது அந்தக் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "டீச்சரே, இனி பால்வெட்ட ஆவாது, இல்லியா?" மாசாமாசம் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். அக்கா சிரித்த முகமாகக் கூப்பிடுவாள். அண்ணன் அதிகம் பேசமாட்டார். அவர் பேசவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

எனக்கு மன்னிப்புக் கிடைத்தது. அவருக்குக் கை கிடைக்கவில்லை. கிருபை என் பாவத்தைச் சுமந்தது. நான் உடைத்ததை உடையாததாக்கவில்லை. இப்போது சண்டே ஸ்கூலில் பாடம் எடுக்கும்போது முன்போல வேகமாகச் சொல்லிக்கொண்டு போக என்னால் முடிவதில்லை.

இங்கே யாராவது எதையாவது மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து என்னைப்போலத் தாமதிக்காதீர்கள். ஆண்டவரிடம் போங்கள். எல்லாம் தெரிந்துதான் அவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார்.