எட்டாம் மாத வீக்கம்

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பாடாலூருக்குப் பக்கத்துக் கிராமம். மருந்துப் பாட்டிலோ, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸோ, எழுத்து இருக்கிற எதுவும் என் கைக்குத்தான் வந்து சேரும். நான் படித்துச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து என் மனைவி தா.பழூரில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். எனக்குப் பெரம்பலூரில் வேலை. ஞாயிறுதோறும் அரியலூரில் பஸ் மாறி அவளைப் பார்க்கப் போவேன். ஊர் நர்ஸ் கொடுத்திருந்த கர்ப்பகாலப் புத்தகத்தை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பேன்.

“வாத்தியாரு வந்துட்டாரு, எல்லாம் கையக் கட்டிக்கிட்டு ஒக்காருங்க” என்பாள் மனைவியின் அண்ணி.

கடைசி மூன்று மாதத்தில் என்னென்ன இருக்கும் என்று இடப்பக்கத்தில் போட்டிருந்தார்கள். மூச்சு வாங்கும், நெஞ்செரியும், அடிக்கடி ஒன்றுக்கு வரும், கால் வீங்கும், இவை இயல்பு. அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டேன். வலப்பக்கத்தில் சிவப்புக் கட்டத்துக்குள் இன்னும் ஏதோ இருந்தது. அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். மனைவியும் பத்தாவது வரை படித்தவள்தான். நான் படித்த பிறகு அவள் தனியாக எதற்குப் படிக்க வேண்டும் என்ற நினைப்பு அந்த வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. எனக்கும் இருந்தது.

எட்டாம் மாதத்தில் ஒரு ஞாயிறு போனபோது கால் மட்டுமில்லாமல் கையும் முகமும் உப்பியிருந்தன. கண்ணாடி வளையல்கள் தோலோடு ஒட்டிக் கிடந்தன. கையை ஆட்டினாலும் சத்தமில்லை.

“பாத்தீங்களாண்ணே, அம்மா வூட்டு சோறு ஒட்டிக்கிச்சு. உங்க வூட்ல என்னத்தத்தான் போட்டீங்களோ” என்று அண்ணி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மாமியார் மட்டும், “செவ்வாக்கெழம செக்கப்புக்குப் போவணும் மாப்ள, நர்ஸம்மா வரச் சொல்லியிருக்கு” என்றார். வெயில் கொளுத்திய வாரம் அது. செல்போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினேன்.

“வீக்கம் இயல்புன்னு போட்டிருக்கு அத்தை. இந்த வெயில்ல பஸ்ல நிக்க வெச்சுக் கூட்டிட்டுப் போவாதீங்க. அடுத்த வாரம் லீவு போட்டுட்டு நானே வரேன்.”

அவருக்கு எழுத்துத் தெரியாது. இருந்தாலும் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நீங்க சொன்னா சரிதான்” என்றார்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மனைவி போன் செய்தாள்.

“என்னங்க, காலையிலேர்ந்து தல ஒடையுது. டிவியில எழுத்தெல்லாம் மங்கலாத் தெரியுது.”

“டிவிய அணைச்சிட்டுப் படு. வெயிலுதான்.”

“புக்குல ஏதாவது போட்டிருக்கா?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். “ஒண்ணும் போடல” என்றேன்.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மாமியாரின் போன் வந்தது. “புள்ளைக்கி வலிப்பு வந்துருச்சு மாப்ள. ஆம்புலன்ஸ்ல அரியலூருக்கு ஏத்திட்டோம், ஓடியாங்க.”

நான் போய்ச் சேர்ந்தபோது அவளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். ஊசி போட இடம் வேண்டி, கழற்ற வராத வளையல்களை உடைத்து எடுத்திருக்கிறார்கள். மாமியார் அந்தத் துண்டுகளை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். “எம்பொண்ணு கை மூளியாக் கெடக்கு மாப்ள” என்று அழுதார்.

டாக்டரம்மா வெளியே வந்து, “தலைவலி, கண் மங்கல்னு ஏதாவது சொன்னாங்களா?” என்று கேட்டார்.

“நேத்து சொன்னா மேடம்.”

“அப்புறம்?”

ரத்த அழுத்தம் ஏறி வந்த வலிப்பு என்றும், செக்கப்பில் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்றும் சொன்னார்.

பெண் குழந்தை. இரண்டு நாள் இருந்தாள். மனைவி எழுந்து உட்காரும்போது குழந்தையைப் புதைத்துவிட்டு வந்திருந்தோம்.

வலப்பக்கத்தை அதற்குப் பிறகுதான் படித்தேன். முகத்திலோ கையிலோ வீக்கம், விடாத தலைவலி, கண் மங்கல், ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல். இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். நாலைந்து வரிதான். வாசிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. “வெயிலுன்னு நாந்தான் கூட்டிட்டுப் போவாம விட்டுட்டேன்” என்றுதான் மாமியார் சொந்தக்காரர்களிடம் இன்றைக்கும் சொல்கிறார். அது அப்படியில்லை என்று ஒரே ஒரு தடவை மனைவியிடம் மட்டும் சொன்னேன். “தெரியும்” என்றாள்.

இப்போது அவளுக்கு மறுபடியும் எட்டாம் மாதம். வளைகாப்பு வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். பெரம்பலூரில் வாடகைக்கு இருக்கிறோம். மாமியார் வந்து கூட இருக்கிறார். தினமும் ஆபீஸ் கிளம்பும் முன் “தல வலிக்குதா?” என்று கேட்கிறேன். “இல்லங்க” என்கிறாள்.

போன வாரம் ஒரு காலையில் அடுப்படியில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றாள். என்ன என்று கேட்டேன். “வெங்காயம் உரிச்சேன், கண்ணு எரியுது” என்றாள். சாயங்காலம் வந்து பார்த்தால் மேசைமேல் அன்றைய தேதி போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு கிடந்தது. நான் கிளம்பிய பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போய்ப் பிரஷர் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். சரியாகத்தான் இருந்தது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.