ஊற்றுக்கு மேலே இருந்த புல்

கழக்கூட்டத்தில் என் ஆபீஸ் வாசலில் இன்று புல் வெட்டினார்கள். அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் பொன்முடியில் எங்கள் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்துக்கு மேலே கிடந்த புல்வெளி நினைவுக்கு வந்துவிட்டது. அதன்பிறகு வேலை ஓடவில்லை.

இடுப்பளவு புல் அது. காற்று வந்தால் சரிவு முழுக்கச் சாய்ந்து நிமிரும், பனி இறங்கினால் நுனிதோறும் நீர் கோத்து நிற்கும், ஊடே ஓடினால் பாவாடை நனைந்து காலோடு ஒட்டும். பெய்த மழையெல்லாம் அதன் வேருக்குள் இறங்கி, கடுங்கோடையிலும் கீழே ஊற்றாகக் கசியும். லயத்து வீடுகள் அத்தனைக்கும் அதுதான் தண்ணீர்.

ஒரு மழைக்காலத்தில் அதைத் தரிசு என்று சொல்லி அக்கேசியா கன்றுகளை நட்டார்கள். கொழுந்து கிள்ளப் போகும் என் சித்தி, நட வந்த வனத்துறை அதிகாரியின் முன்னால் கைகூப்பி நின்றாள்.

“புல்ல விட்டுருங்க சாறே. எங்க ஊத்து அதுக்குக் கீழயல்லோ இருக்கு.”

“மரம் நல்லதுதானே சேச்சி?” என்று அவர் சிரித்தார்.

மரங்கள் வளர்ந்தன, நிழலில் புல் மடிந்தது, கோடைக்குக் கோடை மெலிந்துவந்த ஊற்று ஒருநாள் நின்றே போனது. சித்தி வெறுங்கையால் சேற்றைத் தோண்டினாள். நகம் கிழிந்து ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை. பிறகு மண்ணில் காதை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

“உனக்குக் கேக்குதாடி?”

நானும் பக்கத்தில் படுத்துக் காதை வைத்தேன். எங்கள் இருவருடைய மூச்சு மட்டும்தான் கேட்டது.