சுந்தர்சிங்கின் பத்து நிமிடம்

சுந்தர்சிங்கைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதச் சொன்னால், அவன் சட்டை எப்போதும் இஸ்திரி போட்டிருக்கும் என்று எழுதுவேன். அதோடு சரி.

சேலையூரில் வீடு. பி.காம். படிப்பை மூன்றாவது முயற்சியில் முடித்து, கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்றை அரைகுறையாகப் படித்துவிட்டு, தொண்ணூற்றாறில் மேற்குத் தாம்பரத்தில் எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து சேர்ந்தான். முதலாளி வேதசிரோமணி அப்போதுதான் ஒரு கலர் கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு, போர்டில் ‘கம்ப்யூட்டர் சென்டர்’ என்று சேர்த்து எழுதியிருந்தார். இருபது வருடமாக அங்கே டைப் சொல்லிக்கொடுத்த நான் வெறும் மாஸ்டர். வந்து இருபது நாள் ஆகாத இவன் புரோகிராமர். விசிட்டிங் கார்டு வேறு அடித்துக்கொண்டான். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துகிற புரோகிராமர்!

அவன் எழுதிய ஒரே புரோகிராம் டைப்பிங் டெஸ்ட். ‘ஸ்டார்ட்’ பட்டனை அழுத்திவிட்டு டைப் அடிக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு தடவை ‘பீப்’ என்று கத்தும். பத்து நிமிடம் ஆனதும் கம்ப்யூட்டரே நிறுத்தி, வேகம் எவ்வளவு என்று காட்டும். அதற்கு அவன் கண்டுபிடித்த வழி, நேரம் ஆகிவிட்டதா, ஆகிவிட்டதா என்று கம்ப்யூட்டரை மூச்சுவிடாமல் கடிகாரத்தையே பார்க்க வைப்பது. அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிற மெஷின் வேறெதையும் கவனிக்காது, அடிக்கிற எழுத்தைக்கூடத் திரையில் போடாது என்பது அந்த மண்டைக்கு எட்டவில்லை. பத்து நிமிடம் காத்திருக்கப் பொறுமையில்லாமல், ஐந்து விநாடி வைத்துச் சோதித்தான். நான் அடித்த எழுத்தெல்லாம் கடைசியில் மொத்தமாக வந்து விழுந்தது.

“லேட்டா வருதேப்பா?” என்றேன்.

“அது லோடு ஆகுது சார். உங்களுக்குப் புரியாது.”

ஞானஜோதிக்குப் புரிந்தது. பொழிச்சலூர்ப் பெண். டைப்பில் என் மாணவி, கம்ப்யூட்டரில் அவன் மாணவி.

“சார், ஸ்கிரீன் ஓரத்துல டைமர்னு ஒரு கடிகாரப் படம் இருக்கே, அதை எடுத்து வெச்சா செகண்டுக்கு ஒரு தடவை அதுவே நேரம் பாத்துட்டுப் போயிடுமாம். நடுவுல நாம டைப் அடிக்கலாமாம். புக்ல போட்டிருக்கு,” என்றாள்.

“அதெல்லாம் பிகினர்ஸுக்கும்மா,” என்றான் அந்த மேதை.

பிப்ரவரியில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனிக்கு ஆள் எடுக்க அதிகாரி ஒருவர் வந்தார். ஐந்து பேருக்கு டெஸ்ட். ஈஸ்டருக்குள் வேலை கிடைக்காவிட்டால் குன்றத்தூர் மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிடுவேன் என்று ஞானஜோதியின் அப்பா கெடு வைத்திருந்தார். அந்த மாமன் மகனுக்கும் இவளுக்கும் சிறுவயதிலிருந்தே ஆகாது.

முதல் ஆள் அவள்தான். சுந்தர்சிங் பட்டனை அழுத்திவிட்டு, அதிகாரியிடம் தன் பெருமையை அளக்க முதலாளி அறைக்குப் போய்விட்டான். நான் அவள் பின்னால் நின்றேன்.

என் மாணவிகள் தலை நிமிர மாட்டார்கள். கண், பார்த்து அடிக்கிற காப்பித் தாளில்தான் இருக்க வேண்டும். நிமிர்ந்தால் ஸ்கேலால் விரலில் ஒரு தட்டு. ஞானஜோதி தாளைப் பார்த்துச் சடசடவென்று அடித்துக்கொண்டே போனாள். திரையில் ஒரு எழுத்துகூட இல்லை. முதல் ‘பீப்’ கேட்டது. டைப்ரைட்டரில் வரி முடியும்போது அடிக்கிற மணி என்று நினைத்து, அவள் இடது கை தானாக, அடுத்த வரிக்குத் தள்ளுகிற லீவரைத் தேடி எழும்பி, வெறுங்காற்றைத் தள்ளிவிட்டு இறங்கியது. அடுத்த நிமிடமும் அப்படியே. தலை மட்டும் நிமிரவில்லை.

நான் வாய் திறக்கவில்லை. உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதிகாரி வந்து பார்க்கட்டும், அந்த விசிட்டிங் கார்டின் மானம் போகட்டும் என்று பத்து நிமிடமும் நின்றேன்.

ஐந்து விநாடி எழுத்தைப் பிடித்துவைத்த மெஷினால் பத்து நிமிட எழுத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை. அவர்கள் வந்தபோது திரையில் ‘வேகம்: 0’ என்று இருந்தது.

“ஏதோ ராங் கீயை அழுத்திட்டாங்க சார்,” என்றான் சுந்தர்சிங், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

“புரோகிராம்தான் சார் தப்பு. ஆரம்பத்திலேருந்தே ஸ்கிரீன்ல ஒண்ணும் வரல,” என்றேன்.

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஆரம்பத்திலேருந்து பாத்துட்டா நின்னீங்க? ஏன் நிறுத்தல?”

“இல்ல சார்... சரியா கவனிக்கல,” என்று முனகினேன்.

“ஒருத்தருக்கு ஒரு சான்ஸ்தான்,” என்று அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். மற்ற நால்வருக்கும் அந்தப் புரோகிராமை மூடிவிட்டு, என் கைக்கடிகாரத்தை வைத்து நேரம் பார்த்தோம். இரண்டு பேருக்கு வேலை கிடைத்தது. இரண்டு பேருக்குமே வேகம் ஞானஜோதியைவிடக் குறைவு.

அவள் பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். “ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரலன்னு உங்களுக்கு நிஜமாவே தெரியலையா சார்?”

“தெரியலைம்மா.”

“தெரிஞ்சிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க சார்,” என்றாள்.

ஈஸ்டர் முடிந்த வாரம் குன்றத்தூரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது. அதற்குள் சுந்தர்சிங் அந்தக் கடிகாரப் படத்தை எடுத்து வைத்துப் புரோகிராமைச் சரிசெய்துவிட்டு, அதையும் தன் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். அவனை நான் இன்றைக்கும் மனுஷனாக மதிப்பதில்லை. ஆனாலும் அந்த முட்டாள் அன்றைக்குத் தெரியாமல் செய்தான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.