ஹல்துமுல்லையில் பேன் பார்த்த மூன்று நாட்கள்

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கொழும்பு புறக்கோட்டையில் பதுளை பஸ் ஏறினோம். நாங்கள் மூன்று பெண்கள். காலடியில் நான்கு வாளி பெயின்ட். ஹல்துமுல்லைக்கு ஆளுக்கு எழுநூற்று நாற்பது ரூபாய். வாளிகளுக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்ன நடத்துனர், அவற்றை மடியில் வைத்துக்கொள்கிறோம் என்றதும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஹல்துமுல்லைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில், பெண்பிள்ளைகளுக்கான சிறுவர் இல்லம் இருக்கிறது. அதன் சுவரில் யானையும் வண்ணத்துப்பூச்சிகளும் வரைவதுதான் எங்கள் தொண்டு. மூன்று மாதம் வாட்ஸ்அப்பில் திட்டம் போட்டோம். யானைக்கு என்ன நிறம் என்ற விவாதத்தில் இரண்டு பேர் முகம்கொடுத்துப் பேசாமல்கூட இருந்தார்கள். அதில் ஒருத்தி நான்.

நூற்று எண்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவான தூரம். பெலிஹுல்ஓயா தாண்டியதும் பஸ் முனகிக்கொண்டு ஏறத் தொடங்கியது. பன்னிரண்டு இருபதுக்கு இறங்கியபோது காற்று புடவையைப் பிடித்து இழுத்தது. தெற்கே, காலுக்குக் கீழே, சமவெளி வெயிலில் மங்கலாகக் கிடந்தது. அங்கிருந்து இல்லத்துக்கு நான்கு கிலோமீற்றர். ஓட்டோவுக்கு எண்ணூறு ரூபாய். வாளிகளைப் பார்த்ததுமே ஓட்டோக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“போன வருசம் வந்தவங்களும் படந்தாங்க வரைஞ்சாங்க. ஒட்டகச்சிவிங்கி. கழுத்து வரைக்கும் வரைஞ்சிட்டு லீவு முடிஞ்சிருச்சுனு போயிட்டாங்க.”

உண்மைதான். இல்லத்தின் முன்சுவரில் தலையில்லாத ஒட்டகச்சிவிங்கி ஒன்று எங்களை வரவேற்றது.

பொறுப்பாளர் புஷ்பம் மிஸ்ஸுக்கு ஐம்பது வயதிருக்கும். பத்தொன்பது பிள்ளைகளுக்கு அவரும் ஒரு சமையல்காரம்மாவும் மட்டுமே. தேநீர் கொடுத்தார். யானைத் திட்டத்தைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

“படம் இருக்கட்டுங்க. உங்கள்ல யாருக்காச்சும் பேன் பாக்கத் தெரியுமா?”

இல்லத்தில் பேன் பெருகிவிட்டது. ஒரு தலையைச் சுத்தம் செய்தால் பக்கத்துத் தலையணையிலிருந்து மறுபடி ஏறிவிடுகிறது. இரவெல்லாம் சொறிந்து சொறிந்து சில பிள்ளைகளுக்குப் பிடரியில் புண். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. வேறு வழியில்லாமல் ஞாயிறு மூன்று மணிக்கு முடிவெட்டுபவரை வரச் சொல்லியிருக்கிறார். எல்லாருக்கும் ஒட்ட வெட்டிவிடப் போகிறார்கள், போன வருடம் போலவே. போன வருடம் பள்ளிக்கூடத்தில் இந்தப் பிள்ளைகளை ‘மொட்டை கோஷ்டி’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். சொல்லும்போது புஷ்பம் மிஸ் எங்களைப் பார்க்காமல் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். ஆகவே மற்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள். பேன் மருந்து விற்றிருக்கிறேனே தவிர, பேனைத் தொட்டதில்லை. தொடவும் பிடிக்காது. ஆனாலும் வாயைத் திறந்து, எல்லாத் தலையையும் ஒரே நாளில் சுத்தம் செய்துவிட்டால் வெட்ட வேண்டியதில்லையே என்று சொல்லித் தொலைத்தேன். அதற்குப் புஷ்பம் மிஸ், ஞாயிறு மூன்று மணிக்கு நானே பார்ப்பேன், எல்லாத் தலையும் சுத்தமாக இருந்தால் வெட்டாமல் விடுகிறேன், ஒரு தலை மிச்சமிருந்தாலும் வெட்டுதான் என்றார்.

நான் போனில் கூப்பிட்டதும், சனிக்கிழமை காலை எட்டரைக்கு என் பழைய தோழி பரீனா பண்டாரவளையிலிருந்து வந்து சேர்ந்தாள். அவளுடைய அண்ணன் கடையிலிருந்து பத்து இரும்புச் சீப்புகள், ஒன்று முந்நூற்றெண்பது ரூபாய். ஐந்து போத்தல் தேங்காயெண்ணெய். நான்கு தங்கச்சிகளோடு பிறந்தவள். பேன் அவளுக்குச் சொந்தக்காரர் மாதிரி. தலையை எண்ணெயில் ஊறவைத்து, மயிரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அடியிலிருந்து நுனிவரை வாரி, ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். சமையல்காரம்மா பெரிய அண்டாவில் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வேகவைத்தார்.

முதல் தலையில் எனக்கு உடம்பு கூசியது. நான்காவது தலையில் பழகிவிட்டது. ஏழாவது தலைக்கு உரியவள் என் மடியிலேயே தூங்கிவிட்டாள். அதற்குப் பிறகு வரிசையில் ஒரு மாற்றம் கண்டேன். வாரி முடித்த பிள்ளைகள் மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். இன்னும் கடிக்கிறது என்றார்கள். பார்த்தால் ஒன்றுமில்லை. பரீனாதான் என் காதில் சொன்னாள், கடிக்கவில்லையடி, மடி வேண்டியிருக்கிறது என்று. அநாதை இல்லம் என்று கொழும்பில் நாங்கள்தான் பேசிக்கொண்டிருந்தோம். இவர்களில் பெரும்பாலானோருக்கு அம்மா இருக்கிறார். ஒருவர் குவைத்தில், ஒருவர் நீர்கொழும்பில், யாரோ ஒருவருடைய வீட்டுச் சமையலறையில்.

நான்கு மணிக்குப் பதினெட்டுத் தலைகள் முடிந்தன. பத்தொன்பதாவது தலையைக் காணவில்லை.

தர்ஷினி, ஒன்பது வயது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தலையில் துவாயை இறுக்கிச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரிய பிள்ளைகள் போய்க் கெஞ்சியும் பார்த்தார்கள், திட்டியும் பார்த்தார்கள். அவள் ஒருத்தியால் எல்லாருக்கும் மொட்டை என்று ஒரு குட்டி அழத் தொடங்கிவிட்டது. எனக்கும் கோபம்தான், இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. நாலு வார்த்தை கேட்கலாம் என்றுதான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

“நாளைக்கு எங்கம்மா வருவாங்க மிஸ். வந்தா பேன் பாப்பாங்க. அதுக்குத்தான் வச்சிருக்கேன்.”

மீதியைத் துண்டு துண்டாகச் சொன்னாள். அம்மா இரத்தினபுரியில் ஒரு வீட்டில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு லீவு. வந்தால் அவளை மடியில் சாய்த்துப் பேன் பார்ப்பார், நாலு மணி பஸ் வரை. போன வருடம் மொட்டையடித்த மறுநாள் வந்தார். தலையைத் தடவினார். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி பஸ்ஸுக்கே போய்விட்டார்.

கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. எழுந்துபோய்ப் புஷ்பம் மிஸ்ஸிடம் சொன்னேன். அம்மா பதினொரு மணிக்கு வந்துவிடுவார், அவரே வாரட்டும், ஆனால் மூன்று மணி மூன்று மணிதான் என்றார். தர்ஷினி அன்றிரவு துவாயோடு தனி அறையில், தனிப் பாயில் படுத்தாள்.

ஞாயிறு காலை பரீனா பண்டாரவளைக்குத் திரும்பினாள். பதினொரு மணி ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. அம்மா வரும் வழியில், பலாங்கொடைப் பக்கம் மழை, பாதையில் கல் விழுந்திருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். தர்ஷினி கேற்றைவிட்டு அசையவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். மற்றப் பிள்ளைகளும் வாரிய தலைகளோடு ஒவ்வொருவராக வந்து அவளுக்குப் பின்னால் நின்றார்கள்.

ஒன்று நாற்பதுக்குத் தர்ஷினியின் அம்மா மேட்டில் ஏறி வந்தார். மெலிந்த உருவம், நனைந்த புடவை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பெயர் லெட்சுமி. நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் கூனிக்குறுகிவிட்டார். தன் பிள்ளையால்தான் எல்லாருக்கும் பேன் வந்தது என்று நாங்கள் குற்றம் சொல்வதாக நினைத்துவிட்டார். அப்படியில்லை என்று புரியவைக்க ஐந்து நிமிடம் போயிற்று. இரும்புச் சீப்பை எப்படிப் பிடிப்பதென்று காட்டினேன். அவர் அதை வாங்கி, மகளைப் படிக்கட்டில் உட்காரவைத்து, துவாயை அவிழ்த்தார்.

நான் மூன்று தடவை வாரும் நேரத்தில் அவர் எட்டுத் தடவை வாரினார். துணி கறுத்தது, மாற்றினோம். மறுபடி கறுத்தது. இரண்டே முக்காலுக்கு முடிவெட்டுபவர் தோல்பையோடு வந்து நின்றார். மூன்று மணிக்குப் புஷ்பம் மிஸ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்தொன்பது தலைகளையும் வரிசையாகப் பார்த்தார். தர்ஷினியின் தலையை இரண்டு தடவை பார்த்தார். பிறகு முடிவெட்டுபவரிடம், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்றார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் அந்த மனிதர் பயந்துபோனார். ஈர் பொரிக்கும், ஒவ்வொரு சனிக்கிழமையும் மறுபடி வாரவேண்டும் என்று நான் பாமசிக்காரியாகச் சொன்ன புத்திமதி யார் காதிலும் விழவில்லை.

நாங்கள் பைகளைக் கட்டினோம். பெயின்ட் வாளிகளை அங்கேயே விட்டோம். பெரிய பிள்ளைகள் ஒட்டகச்சிவிங்கிக்குத் தலை வைப்பதாகச் சொன்னார்கள்.

நாலு மணி பஸ் கீழே ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. நான் படிக்கட்டுப் பக்கம் பார்த்தேன். லெட்சுமி எழுந்திருக்கவில்லை. சீப்பைக் கீழே வைத்துவிட்டு, விரலாலேயே மகளின் மயிரைப் பிரித்துக்கொண்டிருந்தார். இரு, இன்னும் ஒன்னு ஓடுது என்று அவர் சொன்னது கேட்டது. தர்ஷினி கண்ணை மூடிக்கொண்டு, பின்பக்கம் பாருங்கம்மா என்றாள்.

ஐந்தேகால் பஸ்ஸில் லெட்சுமிக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. கொழும்பில் எனக்கு ஒரு மகள், பதினான்கு வயது. அவள் தலையை நான் கடைசியாக எப்போது தொட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். மடியில் இருந்த லெட்சுமியின் விரல்களில் எண்ணெய் காயாமல் இருந்தது. பெலிஹுல்ஓயா தாண்டி, பஸ்ஸுக்குள் விளக்குப் போட்ட பிறகு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“மூணு மணிக்கே தலை சுத்தம் மிஸ். ஒன்னுமே இல்ல. புள்ளைக்கும் தெரியும்.”