வலது மூலைக்கு வைத்த கட்டை

டாக்டரம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் முகம் இல்லை. வண்டித் தரையில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றி வைத்த ஒரு எவர்சில்வர் டம்ளர்தான். எந்த ஊருக்குப் போய் நிறுத்தினாலும் அவர் செய்கிற முதல் வேலை அது. என்னிடம் ரசமட்டம் உண்டு. குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துத்தான் வண்டியின் கால்களை இறக்குவேன். அவருக்கு அது போதாது. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, தண்ணீர் எந்தப் பக்கம் வழிய நினைக்கிறது என்று பார்ப்பார். “டிரைவர், இந்தப் பக்கம் இன்னும் ஒரு பலகை” என்பார். வைப்பேன். திரும்பப் பார்ப்பார். நாற்பது மைல் புழுதி குடித்து வந்தவனுக்கு அந்த நேரத்தில் எரிச்சல்தான் வரும். சரியாக அமைந்ததும் அந்தத் தண்ணீரையே மடமடவென்று குடித்துவிட்டு, “சரி, ஆளக் கூப்பிடலாம்” என்பார்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜீப்புக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போகிற டிரெய்லர் அது. சின்ன வீடு மாதிரி இருக்கும். உள்ளே ஒரு சோதனைக் கட்டில், கருவிகள் வைக்கும் அலமாரி, மறைப்புக்குப் பச்சைத் திரை, அதற்கு அந்தப் பக்கம் டாக்டரம்மாவும் சிஸ்டரும் படுத்துக்கொள்ள மடக்குப் பலகை இரண்டு, ஒரு ஸ்டவ். எனக்கு ஜீப்பே படுக்கை. ஒரு அறக்கட்டளை நடத்திய பெண்கள் முகாம் அது. கர்ப்பப்பை வாயில் புற்று இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. அருப்புக்கோட்டையில் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் திருச்சுழி, பரளச்சி என்று சுற்றி, பாலவனத்தம் வழியாகத் திரும்ப மூன்று வாரம் ஆகும். ஊருக்கு மூன்று நாள். மூன்று நாளில் பத்துப் பெண்கள் வந்தால் நல்ல ஊர். மற்றவர்கள் எங்களைக் கண்டால் தண்ணீர்க் குடத்தோடு வேறு தெருவில் போவார்கள். ஓட்டியதைவிட, யாராவது வருவார்களா என்று காத்துக் கிடந்ததுதான் எனக்கு அதிக அலுப்பாக இருந்தது.

டிரெய்லருக்கு நடுவில் இரண்டே சக்கரம். ஜீப்பைக் கழற்றிவிட்டால் முன்னும் பின்னும் சாயும். நாலு மூலையிலும் இரும்புக் கால்களைத் திருகி இறக்கி, ஒவ்வொன்றுக்கும் அடியில் கட்டை கொடுக்க வேண்டும். சரளை மண்ணாக இருந்தால் எதை வைத்தாலும் நிற்கும். எங்கள் பக்கத்துக் கரிசல் அப்படி இல்லை. காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் செருப்பைக் கழற்றி வாங்கிக்கொள்ளும். அதில் செங்கல்லை வைத்தால் நொறுங்கும், சிமெண்டு ஹாலோபிளாக் நடுவில் பிளக்கும், உருண்டைக் கல் புரளும். எத்தனையோ பட்டுத்தான் அகலமான புளியம்பலகை எட்டு அறுத்து வைத்திருந்தோம். மூலைக்கு இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போட வேண்டும். பாரம் பரவி இறங்கும், அமுங்காது. அந்தப் பலகைகள் இல்லாமல் டாக்டரம்மா வண்டி ஏறமாட்டார். ஒரு தடவை சலித்துப்போய், “எதுக்கும்மா இம்புட்டுப் பாக்கீக?” என்று கேட்டுவிட்டேன். “கால விரிச்சுப் படுத்திருக்கிறவளுக்கு வண்டி ஒரு ஆட்டம் ஆடுனாப் போதும், எந்திரிச்சுப் போயிருவா. போனவ திரும்ப வரமாட்டா” என்றார்.

எங்கள் ஊருக்கும் ஒருநாள் முகாம் விழுந்தது. பரளச்சிக்கு மேற்கே உள்ள சின்ன ஊர். அண்ணன் அங்கேதான் வெள்ளாமை பார்த்துக்கொண்டிருந்தார். மதினிக்கு மாதவிலக்கு நின்று நாலு வருடம் கழித்துத் திரும்ப ரத்தம் பட ஆரம்பித்திருந்தது. என் மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அவள் அதை என்னிடம் சொன்னாள். இத்தனை வருடம் டாக்டரம்மா ஊர் ஊராகச் சொல்வதைக் கேட்டவனுக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதா? மதினியிடம் இதைப் பேசுவது எனக்கு எவ்வளவு கூச்சம் என்று சொல்ல முடியாது. பேசினேன். “ஒடம்புச் சூடு தம்பி, வெந்தயம் முழுங்குறேன்” என்றார். நான் விடவில்லை. மூன்று தடவை போய்க் கெஞ்சினேன். கடைசியில், “ஆம்பள டாக்டரு இல்லேல்ல? நீ ஓட்டுற வண்டிங்கிறதுக்காக வாரேன்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அன்றைக்கு அப்படிச் சந்தோஷப்பட்டேன்.

ஊர் மந்தையில் வண்டியை நிறுத்தியதும் பெரியப்பா மகன் நாலு பேரோடு வந்துவிட்டான். கிணற்றடியில் கிடந்த தட்டையான பட்டியக்கல் இரண்டை டிராக்டரில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். “நம்ம ஊருக்கு வந்துட்டு வெளியூர்ப் பலகையிலயா வண்டிய நிறுத்துவ?” என்றான். எங்கள் ஊரில் கோயில் பந்தலுக்கு மூங்கிலானாலும் கல்யாணத்துக்கு அண்டாவானாலும் வீட்டுக்கு வீடு ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும். ஒருவனிடம் வாங்கி இன்னொருவனை விட்டால் விடுபட்டவன் வீட்டிலிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்க்காது. அவனுக்கும் எங்கள் அண்ணனுக்கும் ஒரு வரப்புக்காக ஆறு வருடமாகப் பேச்சு கிடையாது. அவன் கல்லை நான் வாங்கிய சேதி போன கொஞ்ச நேரத்தில், அண்ணன் பனங்கட்டை இரண்டைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

வெட்டுவாயைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. பனையில் அடிமரம்தான் வைரம் பாய்ந்தது. மேலே போகப் போக ஓரத்தில் மட்டும் கருப்பு ஓடும், உள்ளே வெளுத்த சோறு, அமுக்கினால் நசுங்கும். அண்ணன் கொண்டுவந்தது தலைப்பக்கம். “அண்ணே, இது பாரம் தாங்குமா?” என்றேன். “பன மரம்லே. எங்கிட்டு அறுத்தாலும் பன மரந்தான். அவன் கல்லு ஆகும், எங் கட்டை ஆகாதோ?” என்று நாலு பேர் முன்னால் கேட்டார். நான் என்ன செய்ய? முன்பக்கம் இடது மூலைக்குப் பெரியப்பா மகனின் கல், வலது மூலைக்கு அண்ணனின் கட்டை. பின்பக்கமும் அப்படியே. இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு பக்கம், ஆளுக்கு இரண்டு மூலை. பஞ்சாயத்துத் தலைவர் கெட்டார் போங்கள். கட்டைக்கு அடியிலாவது பலகையைப் போட்டிருக்கலாம். அப்படிப் போட்டால் அண்ணன் பக்கம் உயர்ந்து தெரியும், கல்லுக்கும் போடச் சொல்லி அடுத்த வம்பு வரும் என்று நினைத்தேன். எட்டுப் பலகையும் ஜீப்புக்குள்ளேயே கிடந்தன.

சிஸ்டரோடு வீடு வீடாகப் போயிருந்த டாக்டரம்மா திரும்பி வந்து டம்ளரை வைத்துப் பார்த்தார். மட்டம் அப்படியே நின்றது. வெளியே வந்து, “பலகை போட்டாச்சா?” என்று கேட்டார். மந்தையில் ஊரே நிற்கிறது. “போட்டாச்சும்மா” என்றேன். அவர் குனிந்து பார்க்கவில்லை. நான் சொன்னால் அவருக்கு அது போதும். ரசமட்டத்தை நம்பாத மனுஷி என்னை நம்பினார்.

மறுநாள் விடியக்காலம் ஒரு கோடை மழை. அரை மணி நேரம்தான், ஆனால் நல்ல மழை. பத்து மணி வாக்கில் மதினி வந்தார். புதுச்சேலை கட்டி, தலைக்குக் குளித்து, ஏதோ கோயிலுக்குப் போகிறவர் போலத்தான் வந்தார். வெளியே பதினாலு பெண்கள் வரிசையில். எங்கள் முகாமில் அத்தனை பேர் வந்து நான் பார்த்ததில்லை. இரண்டு வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். நான் ஜீப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். மதினி உள்ளே போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். சடசடவென்று ஒரு சத்தம். வலது முன்கால் பனங்கட்டையைப் பிளந்துகொண்டு ஒரு சாண் இறங்கியது. வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தது. உள்ளே தட்டு, கத்திரி, பாட்டில் எல்லாம் உருண்டு விழுகிற சத்தம், மதினியின் அலறல். கட்டிலோடு சரிந்தவரை டாக்டரம்மா தன் உடம்பைக் கொடுத்துத் தாங்கியிருக்கிறார். அலமாரி முனை அவர் தோளில் அடித்திருந்தது. மதினி சேலையை அள்ளிச் சுருட்டிக்கொண்டு படியில் இறங்கி, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினார். என்னையும் பார்க்கவில்லை.

வரிசையில் நின்ற ஒருத்தி அம்மன் கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டு, “ஆத்தா வேணாங்கிறா. சகுனத்த அடிச்சுச் சொல்லிட்டா” என்றாள். அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் மந்தையில் ஒரு பெண் இல்லை. டாக்டரம்மா ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். சேற்றில் பிளந்து கிடந்த பனங்கட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அண்ணன் ஓடிவந்து, “என்னம்மா இது, பொம்பளப் பிள்ளைகள உள்ள ஏத்திக் கொல்லப் பாத்தீகளா?” என்று கத்தினார். “தப்பு என்னோடதுதாங்க. மழை பெஞ்சதுக்கு அப்பறம் நான் திரும்பப் பார்த்திருக்கணும்” என்றார் டாக்டரம்மா. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் அண்ணன் வீட்டுக்கு நடந்து போவார். வீட்டுக்குள்ளேயே பார்த்துவிடலாம், கட்டில் ஒன்று போதும் என்று சொல்லிப் பார்த்தார். முதல் தடவை மதினி பருத்திக் காட்டுக்குப் போய்விட்டார். இரண்டாவது தடவை கதவைச் சாத்திக்கொண்டார். மூன்றாவது தடவை கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, “ஆத்தா வேணாம்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு, நீங்க போங்கம்மா” என்றார். டாக்டரம்மா வாசலில் வெயிலில் நின்று பதில் பேசிப் பார்த்துவிட்டு, ஜீப்பில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு அப்போது அறுபதை நெருங்கியிருந்தது. தோள் வலி நின்றபாடில்லை.

அடுத்த வருடம் மதினியை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். முன்னாலேயே வந்திருந்தால் சின்ன ஆபரேஷனோடு போயிருக்கும் என்றார்கள். திருப்பிக் கூட்டி வந்து மூன்று மாதம் வைத்திருந்தோம். எழவுக்கு டாக்டரம்மா வந்திருந்தார். தெருமுனையிலேயே நின்றார். அண்ணன் பார்த்துவிட்டு, “அவுக வண்டியாலதான் எம் பொண்டாட்டி போனா. இங்க எதுக்கு வந்தாக?” என்று ஊர் கேட்க ஏசினார். டாக்டரம்மா கையிலிருந்த மாலையை என்னிடம் கொடுத்தார். “நீங்க போட்டுருங்க” என்றார். போட்டேன். யார் கொடுத்த மாலை என்று யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கு அப்புறமும் நாலு வருடம் அவருக்கு வண்டி ஓட்டினேன். ஒருநாள்கூட அந்தக் கட்டையைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். ஒரே ஒரு மாற்றம். பலகை போட்டாச்சா என்று கேட்பதை நிறுத்திவிட்டார். தானே முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, நாலு மூலையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே ஏறுவார். முகாமும் பிறகு நின்றுபோனது. இப்போது ஊர் ஊருக்கு ஆஸ்பத்திரி வண்டி பெரிய பஸ்ஸாகவே வருகிறது. தார் ரோட்டில் நிற்கிறது. கட்டை வைக்கிற வேலையே இல்லை.

போன மாதம் டாக்டரம்மா காலமானார். சிஸ்டர் போன் செய்தார். மதுரைக்குப் போய் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். வந்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போனேன். வயதாகிவிட்டது அவருக்கு. நார்க்கட்டிலில் உட்கார்ந்து விறகுக்குப் பருத்தி மார் கட்டிக்கொண்டிருந்தார். பலகை ஜீப்பில் கிடந்ததை, போட்டாச்சு என்று பொய் சொன்னதை, எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டு முடித்தார்.

“தெரியும்லே” என்றார். “அடிமரத்தத் தொழுவத்துக் காலுக்கு வச்சுக்கிட்டு, தலைப்பக்கத்த ஒனக்குக் குடுத்தவன் நான். அவுகள ஏசாம நான் யாரப் போயி ஏச?”

கட்டின மாரை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, “அவுக இப்ப எங்க இருக்காக? ஒரு எட்டுக் கூட்டிட்டுப் போலே. கால்ல விழுந்துட்டு வந்துருதேன்” என்றார்.

“போயிட்டாகண்ணே. முந்தாநேத்து எடுத்தாச்சு.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஏலே, எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல” என்றார்.

மறுபடியும் ஏசிவிடுவார் என்று பயந்துதான் நான் அவருக்குச் சொல்லாமல் போயிருந்தேன்.