மாமியார் பங்கு இறால்

யுத்த காலத்து ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் மக்காச்சோள மாவைத் தூக்கிக் கொடுத்தபோது மயிலாப்பூரே மூக்கைச் சுளித்தது. தோசையாக வார்த்தால் பிய்ந்தது, களியாகக் கிண்டினால் தொண்டையில் நின்றது. எங்கள் உம்மா மட்டும் அதைத் தயிரில் ஊறப்போட்டு, முட்டை அடித்து ஊற்றி, வெங்காயமும் மிளகும் சேர்த்து வதக்கிய இறாலைக் கலந்து, செம்புச் சட்டியில் ரொட்டியாக வேகவைப்பாள். அடியில் விறகுத் தணல், மூடியின் மேலும் தணல். அந்த ரொட்டி உப்பி எழும்பி நிற்கிற அழகை எந்த ரொட்டிக்கடைக்காரனும் பார்த்திருக்க மாட்டான். சும்மா சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ராத்தாவை, அதாவது என் அக்காளை, பெண் பார்க்க வந்த அன்றும் வீட்டில் இருந்தது அந்த மாவுதான். அதற்குமுன் வந்த இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் வெளியே தலைகாட்ட முடியாது என்று உம்மா முதல்நாளிலிருந்தே புலம்பினாள். பிரியாணிக்கு அரிசி இல்லை. அன்று பார்த்துக் கறியும் கிடைக்கவில்லை. பழவேற்காட்டில் பிறந்தவளுக்கு இறாலைவிட உசத்தியாக வேறென்ன தோன்றும்? குப்பத்து மீன்காரம்மாவிடம் பெரிசு பெரிசாகப் பொறுக்கி வாங்கினாள்.

ராயப்பேட்டையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மாவும் அவர் தங்கையும் ஜட்காவில் வந்து இறங்கினார்கள். உருது பேசும் குடும்பம். அப்படிப்பட்டவர்களுக்கு உம்மா விருந்து வைப்பது அதுதான் முதல் தடவை. ரொட்டியைத் துண்டு போட்டதும் இறால் சிவப்பாக எட்டிப் பார்த்தது. தங்கைக்காரி நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, தன் அக்காளின் காதில் உருதுவில் என்னவோ சொன்னாள். உம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சோள மாவு என்று இளக்காரம் பண்ணுகிறார்கள்!

"எங்க உம்மா செஞ்சது. மயிலாப்பூர்ல வேற யாருக்கும் இது வராது. துன்னு பாத்துட்டுப் பேசுங்க" என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா சிரித்துவிட்டார். "அப்டியா பேட்டீ? வா மவளே, என் பக்கத்துல குந்து."

உட்கார்ந்தேன். தன் துண்டிலிருந்த இறாலை ஒவ்வொன்றாக எடுத்து என் தட்டில் வைத்தார். எடுக்கும்போது விரல் தயங்கித் தயங்கிப் போயிற்று. பிறகு ரொட்டியை உதிர்ந்த தூள்கூட மிச்சமில்லாமல் சாப்பிட்டார். "பொண்ணுக்கும் இந்தக் கைமணம் வந்துகீதா?" என்று கேட்டார். உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புப் புகை என்று நினைத்தேன்.

நிக்காஹ் முடிகிறவரை எனக்குத் தலைகால் புரியவில்லை. ராத்தாவுடைய மாமியாருக்கு என்மேல் உசிர், தன் பங்கு இறாலையெல்லாம் எனக்கே கொடுத்துவிட்டார் என்று தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் அளந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்த ராத்தா, வந்ததும் வராததுமாக இறால் கேட்டாள்.

"அந்த வூட்ல யாரும் தொடமாட்டாங்கடி. அவங்க வழக்கத்துல அது கூடாது. மாமிதான், உங்கம்மா கையால வயிறாரத் துன்னுட்டு வான்னு அனுப்பினாங்க" என்றாள்.

எனக்கா தெரியாது?

"சும்மா பொய் சொல்லாத. அவங்களுக்கு இறால்னா அவ்ளோ ஆசை. எடுத்துக் குடுக்க மனசே வரல, விரல் எப்டித் தயங்கிச்சு, நான் பக்கத்துலயே இருந்து பாத்தேன். அப்பவும் எனக்குக் குடுத்தாங்க" என்றேன்.